இறுக்கம் எங்கே வேண்டும்

அன்பு மாப்பிள்ளைக்கு,

கோயமுத்தூரிலிருந்து மாமா எழுதுகிறேன். நீ அனுப்பிய டிராயிங்கைப் பெரிய தாளில் பிரிண்ட் எடுத்து, பட்டறை மேஜையில் விரித்து வைத்துப் பொறுமையாகப் பார்த்தேன். போனிலேயே சொல்லிவிடலாமே என்றாள் அக்கா. எண்கள் நிறைய வரும் விஷயம் இது. காதில் வாங்கியது மறுநாளே கலைந்துவிடும், காகிதத்தில் இருந்தால் பட்டறைக்குக் கையோடு எடுத்துப் போவாய். அதனால்தான் கடிதம்.

கொல்கத்தா சால்ட் லேக்கில் வாடகை வீட்டில் உட்கார்ந்துகொண்டு, கடையில் கிடைக்கிற கூலரை வாங்கி மாட்டாமல், பிராசஸர் மேல் வைக்கும் வாட்டர் பிளாக்கை நீயே செய்ய நினைத்தது எனக்கு ரொம்ப சந்தோஷம். கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகளில் உலோகத்தைத் தொட்டுப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். நீ ஆசைப்பட்டிருக்கிறாய். ஆகவே டிராயிங்கில் பட்டதை மறைக்காமல் எழுதுகிறேன்.

அடித்தட்டுக்கு 6061-டி6 அலுமினியம் என்று போட்டு, ஓரத்தில் காரணமும் எழுதியிருக்கிறாய்: ஈல்ட் 276 மெகாபாஸ்கல், செம்பைப் போல நாலு மடங்கு. எண்ணில் குற்றமில்லை. நெருப்பில் காட்டி ஆறவிட்ட மெத்தென்ற செம்பு 70 மெகாபாஸ்கல் வாக்கிலேயே நிரந்தரமாக வளைய ஆரம்பித்துவிடும். ஆனால் அந்த வலிமை உன் பிளாக்கில் எந்தச் சுமையைத் தாங்கப் போகிறது? அதைக் கணக்குப் போடாமலேயே உலோகத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டாய்.

போட்டுப் பார்ப்போம். நீ சொன்ன சின்ன பம்ப் முழு மூச்சில் தள்ளினாலும் நாலு மீட்டர் உயரத்துக்கு மேல் தண்ணீரை ஏற்றாது. அது 0.4 பார், அதாவது 0.04 மெகாபாஸ்கல். பிளாக்கின் உள்ளே தண்ணீர் நிற்கும் இடம் 40 மி.மீ. சதுரம். மொத்தத் தள்ளு விசை ஆறரைக் கிலோ. நாலு விளிம்பும் பிடித்த சதுரத் தட்டுக்கு, அழுத்தத்தைப் பக்க அளவின் வர்க்கத்தால் பெருக்கி, கனத்தின் வர்க்கத்தால் வகுத்து, அதை 0.308ஆல் பெருக்கினால் அதிகபட்சத் தகைவு கிடைக்கும். 3 மி.மீ. கனத்துக்கு 2 மெகாபாஸ்கல் சொச்சம் வருகிறது. தட்டை 1 மி.மீ. ஆக இளைத்தாலும் 20தான். மெத்தென்ற செம்புகூட இதை உணரவே உணராது. 276 கையில் இருந்து என்ன பயன், மாப்பிள்ளை?

இந்த மாதிரிப் பாகங்கள் உடைந்து கெடுவது அபூர்வம். கோணிக்கொள்ளும், ஒழுகும், இல்லாவிட்டால் அரித்துப் போகும். கோணுவதைத் தடுப்பது வலிமை கிடையாது, விறைப்பு. செம்பின் விறைப்பு 117 ஜிகாபாஸ்கல் அளவில் இருக்கும், அலுமினியத்தின் விறைப்பு 69. அலுமினியத்தை டி6 வரைக்கும் பதப்படுத்தினால் வலிமை ஏறும், விறைப்பு இம்மியும் ஏறாது. நாலு மூலையிலும் ஸ்பிரிங் ஸ்குரூ போட்டு இறுக்கும்போது நடுவில் பிராசஸர் எதிர்த்து நிற்கிறது. அந்த இடத்தில் தட்டு வில்லாக வளையாமல் இருக்க விறைப்பு வேண்டும், கனமும் வேண்டும். கனம் இரண்டு மடங்கானால் வளைவு எட்டில் ஒரு பங்காகிவிடும். அடித்தட்டுக்கு நீ 1.5 மி.மீ. போட்டிருக்கிறாய், அதை 3 ஆக்கு.

கனம் கூடினால் சூடு கடக்க நேரமாகுமே என்று உனக்குத் தோன்றும். அதையும் பார்த்துவிடலாம். 125 வாட் சூடு 40 மி.மீ. சதுரத்தில் சீராகப் பரவினால், 3 மி.மீ. செம்பைக் கடக்க 0.6 டிகிரி வித்தியாசம் போதும். 6061 அலுமினியத்தில் அது 1.4. பிராசஸரில் சூடு நடுவில் சின்ன இடத்தில் குவிவதால் நிஜத்தில் இந்த எண்கள் பெருகும், செம்பின் சாதகமும் அதோடு பெருகும். இதற்கு எதிரில் இன்னொரு கணக்கை வை. தட்டுக்கும் பிராசஸருக்கும் நடுவே 0.05 மி.மீ. காற்று இருந்தால், அதே 125 வாட் அதைக் கடக்கக் கணக்குப்படி 150 டிகிரி வேண்டும். அந்த இடத்தில் பேஸ்ட் இருந்தால் 1 டிகிரி. தட்டு குழிந்துபோய்ப் பேஸ்டின் கனம் 0.1 மி.மீ. ஆனால் 2 டிகிரி. ஆக, செம்பா அலுமினியமா என்று நீ ராத்தூக்கம் கெட்டு யோசித்த வித்தியாசத்தை, அடிப்பக்கத்தின் தட்டைத்தன்மை ஒரே ஸ்குரூ இறுக்கத்தில் விழுங்கிவிடும்.

பெரிய பம்பும் வேண்டாம். நிமிஷத்துக்கு ஒரு லிட்டர் ஓடினாலே 125 வாட்டுக்குத் தண்ணீர் சூடாவது 1.8 டிகிரிதான்.

தண்ணீர் ஓட அடித்தட்டில் வெட்டும் வரிப்பள்ளங்களைப் பற்றிக் கேட்டிருந்தாய். பள்ளம் குறுகக் குறுகச் சூடு நன்றாக இறங்கும் என்பது உண்மை. 1981இல் ஸ்டான்ஃபோர்டில் டக்கர்மேன், பீஸ் என்ற இருவர் சிலிக்கான் சில்லிலேயே 50 மைக்ரான் அகலக் கால்வாய்களைச் செதுக்கித் தண்ணீர் விட்டு, ஒரு சதுர சென்டிமீட்டரில் 790 வாட் வரை இறக்கிக் காட்டினார்கள். அதைப் படித்துவிட்டுத்தான் 0.2 மி.மீ. பள்ளம் போட்டிருக்கிறாய் என்று நினைக்கிறேன். சாதாரண மில்லிங் மிஷினில் ஸ்லிட்டிங் சா போட்டு வெட்டுகிறவருக்கு 0.5 மி.மீ. பிளேடே செம்பில் தடுமாறும். செம்பு பிளேடில் ஒட்டிக்கொள்ளும், பிசிறு மடிந்து பள்ளத்துக்குள்ளேயே உட்கார்ந்துவிடும். கூரான பிளேடு, நிதானமான ஃபீடு, தாராளமாகக் கட்டிங் ஆயில் இருந்தால் 0.5 அகலம், 3 மி.மீ. ஆழம் சுத்தமாக வரும். அதோடு நிறுத்திக்கொள். அதற்கும் குறுகினால் முதல் மாதத்திலேயே தூசி அடைத்துக்கொள்ளும்.

இனி அரிப்பு. அலுமினியத்தை நான் மறுப்பதற்கு முதல் காரணமே இதுதான். நீ வாங்கியிருக்கும் ரேடியேட்டரில் செம்பும் பித்தளையும் இருக்கிறது. ஒரே தண்ணீரில் செம்பும் அலுமினியமும் சேர்ந்தால் அலுமினியம்தான் கரையும். கரைந்தது வெள்ளைக் கூழாகி வரிப்பள்ளத்தில் அடைக்கும். கடையில் விற்கிற மூடிய செட்டுகளில் செம்பு பிளாக்கும் அலுமினிய ரேடியேட்டரும் சேர்ந்தே வருகிறதே என்பாய். அவற்றில் அரிப்புத் தடுப்பு மருந்து அளந்து கலந்து, காற்றுப் புகாமல் மூடி அனுப்புகிறார்கள். கையால் நிரப்பி, கையால் திறந்து மூடும் செட்டில் அந்தக் கட்டுப்பாடு நிற்காது. பிளாக்கும் செம்பாகவே இருக்கட்டும். குழாய்த் தண்ணீரை விடாதே. டிஸ்டில்டு வாட்டரில் அரிப்புத் தடுப்பு சேர்ந்த கூலன்டைக் கலந்து ஊற்று.

இதே வேலையைப் பெரிய அளவில் செய்கிற இடம் உன் ஊரிலேயே இருக்கிறது. பிதான்நகர் ஏ.எஃப். பிளாக்கில் இருக்கும் வேரியபிள் எனர்ஜி சைக்ளோட்ரான் சென்டரைச் சொல்கிறேன். சாஹா அணு இயற்பியல் நிறுவனத்துக்குப் பக்கத்து வாசல். அங்கே இருக்கும் 224 செ.மீ. சைக்ளோட்ரான் என்ற முடுக்கி இயந்திரம், பெர்க்லியின் 88 அங்குல இயந்திரத்தை முன்மாதிரியாக வைத்துப் பெரும்பாலும் நம் நாட்டுத் தொழிற்சாலைகளிலேயே செய்தது. 1977 ஜூன் 16 அன்று அதில் முதல் கற்றை வந்தது. அயனிகளைச் சுழற்றும் காந்தத்துக்குச் செம்புச் சுருளில் பெரிய மின்னோட்டம் ஓடுகிறது, அந்தச் சூட்டைத் தண்ணீர்தான் இடைவிடாமல் எடுத்துப் போக வேண்டும்.

அந்த வகைக் காந்தங்களில் கடத்தியே குழாயாக இருக்கும். செம்புக் கம்பியின் நடுவில் துளை, துளைக்குள் தண்ணீர். மின்சாரம் ஓடும் செம்பைத் தண்ணீர் நேராகத் தொடுவதால், அயனி நீக்கிய, மின்கடத்தல் மிகக் குறைந்த தண்ணீரைத்தான் விடுவார்கள். அதோடும் விட மாட்டார்கள். தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் செம்பை மெல்ல மெல்ல ஆக்சைடாக்கும், அது உதிர்ந்து ஒடுக்கமான துளையை அடைக்கும். உலகம் முழுக்க முடுக்கி இயந்திரம் வைத்திருக்கிறவர்களுக்கு இது ஓயாத தலைவலி. சுத்தமான தண்ணீர் என்பதே அங்கே நாள்தோறும் அளந்து காக்க வேண்டிய ஒரு விவரக்குறிப்பு. உன் பிளாக்கில் செம்புக் கடத்தி கிடையாது, மின்னோட்டமும் கிடையாது. ஆனால் அரை மி.மீ. பள்ளம் இருக்கிறது, அதை அடைக்கக் கொஞ்சம் அழுக்கே போதும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தண்ணீரை வடித்து நிறம் பார். பச்சை தட்டினால் செம்பு கரைகிறது என்று அர்த்தம்.

முடுக்கி இயந்திரக்காரர்களிடம் கற்க வேண்டிய இன்னொன்று. ஒருவேளை அக்ரிலிக் மூடி சரிப்படாவிட்டால் செம்பு மூடியை வைத்துப் பிரேசிங் செய்துவிடலாம் என்று இரண்டாவது பக்கத்தில் குறித்திருக்கிறாய். கடையில் கிடைக்கும் சாதாரண மின்சாரச் செம்பில் துளியளவு ஆக்சிஜன் இருக்கும். கேஸ் தீயில் இருக்கும் ஹைட்ரஜன் சிவக்கச் சூடான செம்புக்குள் புகுந்து அந்த ஆக்சிஜனோடு சேர்ந்தால் உள்ளேயே நீராவி உண்டாகும், அது மணிகளுக்கு நடுவே பிளந்துகொண்டு செம்பை நொறுங்கச் செய்யும். வெளியில் பார்த்தால் பளபளவென்று இருக்கும், அழுத்தினால் விரிசல் விடும். அதனால்தான் பிரேசிங் ஆகும் பாகங்களுக்கு அவர்கள் ஆக்சிஜன் நீக்கிய செம்பைக் கேட்டு வாங்குகிறார்கள். அந்தச் செம்பே உன்னிடம் இருந்தாலும், பிரேசிங் சூட்டில் அது முழுக்க அனீல் ஆகி, உருட்டியபோது ஏறிய கடினமெல்லாம் இறங்கிப் போகும். கை தவறி விழுந்தால் அடிப்பக்கம் குழியும், ஸ்குரூ மரை வழுக்கும். வலிமை எண் நிஜமாகவே வேலைக்கு வரும் இடம் இது. மூடியை ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால் 183 டிகிரியில் உருகும் 63/37 ஈயப் பற்று போதும், செம்பின் கடினம் கெடாது. ஆனால் என் யோசனை, அக்ரிலிக்கும் ஓ-ரிங்குமே உனக்கு ஏற்றது. திறந்து பார்க்கலாம், கழுவலாம், தப்பானால் மாற்றலாம்.

இப்போது டாலரன்ஸ். இதைப் பற்றித்தான் எழுதாமல் இருக்க முடியவில்லை. உன் டிராயிங்கில் உள்ள ஒவ்வொரு அளவுக்கும் ±0.01 போட்டிருக்கிறாய். வெளிப்பக்கம் 60 மி.மீ.க்கும் அதே, ஸ்குரூ ஓட்டைக்கும் அதே, மூலையில் சேம்ஃபருக்கும் அதே. சாஃப்ட்வேரில் ஒரு தடவை செட் பண்ணினால் எல்லாவற்றுக்கும் வந்துவிடும் போலிருக்கிறது. மிஷினில் நிற்கிறவன் இதைக் கையில் வாங்கியதும் என்ன நினைப்பான் தெரியுமா? எது முக்கியம் என்று வரைந்தவனுக்கே தெரியவில்லை என்று நினைப்பான். பிறகு ஒன்று, நாலு மடங்கு கூலி கேட்பான். இல்லாவிட்டால் தலையாட்டிவிட்டு, எது முக்கியம் என்பதைத் தானே முடிவு செய்துகொள்வான். அவன் பார்வையில் வெளிப்பக்கம் பளபளப்பாக இருப்பது முக்கியம். உனக்கு வேண்டிய ஓ-ரிங் பள்ளத்தை அவசரமாக ஓட்டிவிடுவான். அவன் மேல் தப்பில்லை. டிராயிங் என்பது நீ பக்கத்தில் இல்லாதபோது உனக்காகப் பேச வேண்டிய தாள். எல்லாவற்றையும் ஒரே குரலில் கத்தினால் எதையும் சொன்னதாக ஆகாது.

உன் பிளாக்கில் இறுக்கமான அளவு வேண்டிய இடங்கள் ஒரு கை விரலுக்குள் அடங்கும்.

அடிப்பக்கம்: தட்டைத்தன்மை 0.02 மி.மீ., ஃபினிஷ் ஆர்.ஏ. 0.8. கண்ணாடி மாதிரிப் பாலிஷ் வேண்டாம். பஃப் வைத்துப் பாலிஷ் போட்டால் ஓரம் உருண்டு தட்டைத்தன்மை போய்விடும், பார்க்க அழகாகவும் வேலைக்கு ஆகாததாகவும் வரும். நம் பக்கத்தில் பம்பு சீல் முகம் தேய்க்கிறவர்களுக்கு இது உள்ளங்கைப் பாடம். தேய்ப்பதானால் தடித்த கண்ணாடி மேல் எமரி பேப்பரை ஒட்டி, எட்டுப் போட்டுத் தேய்க்கலாம். ஸ்டீல் ஸ்ட்ரெய்ட் எட்ஜை நிறுத்தி, பின்னால் விளக்கு வைத்துப் பார்த்தால் வெளிச்சக் கீற்று எங்கே வருகிறது என்று கண்ணுக்கே தெரியும்.

ஓ-ரிங் பள்ளம்: 2 மி.மீ. கனமுள்ள ரிங்குக்கு ஆழம் 1.50, டாலரன்ஸ் ±0.05. அப்போது ரிங் நாலில் ஒரு பங்கு நசுங்கும். ஆழம் ஐந்து பாயிண்ட் கூடினாலும் குறைந்தாலும் நசுக்கம் 22லிருந்து 28 சதவீதத்துக்குள் நிற்கும், ஒழுகாது. அகலம் 2.7 போடு. நசுங்கிய ரப்பர் பக்கவாட்டில் போக இடம் வேண்டும், ரப்பரை அமுக்கிச் சுருக்க முடியாது. இந்த அகலத்தில் பள்ளத்தின் முக்கால் பங்குக்குச் சற்று மேலே ரிங் நிரப்பும். பள்ளத்தின் அடியில் ஆர்.ஏ. 1.6 போதும், ஆனால் குறுக்குக் கீறல் ஒன்றுகூடக் கூடாது என்று வார்த்தையிலேயே எழுது. நீளவாட்டுக் கோட்டை ரப்பர் மூடிவிடும், குறுக்குக் கீறல் தண்ணீருக்குப் போட்டுக் கொடுத்த வழி. பள்ளத்தின் மையக்கோடு 45 மி.மீ. சதுரம், மூலையில் 5 மி.மீ. ஆரம். உள்விட்டம் 52 உள்ள வட்ட ரிங்கே ஒரு சதவீதம் இழுத்தால் அதில் உட்கார்ந்துவிடும், வெட்டி ஒட்ட வேண்டாம். ரப்பர் ஈபிடிஎம் கேள். பள்ளத்தைச் செம்பில் வெட்டச் சொல், அக்ரிலிக்கில் வெட்டினால் அந்த மூலையிலிருந்துதான் விரிசல் புறப்படும்.

மற்ற எல்லாவற்றுக்கும் டிராயிங் அடியில் ஒரே வரி: குறிப்பிடாத அளவுகளுக்கு ஐ.எஸ். 2102, மீடியம். 60 மி.மீ. அளவுக்கு அது ±0.3 கொடுக்கிறது. வெளிப்பக்கத்துக்கு அது தாராளம்.

அடுத்தது மரை. மூடியில் வெறுமனே கால் இஞ்சு மரை என்று எழுதியிருக்கிறாய். அப்படி எழுதினால் பிளம்பிங் பழக்கத்தில் டேப்பர் மரையைப் போட்டுவிடுவார்கள். டேப்பர் மரை இறுக இறுக ஆப்பாக வேலை செய்யும். இரும்பும் பித்தளையும் அதைத் தாங்கும், அக்ரிலிக் அன்றைக்குத் தாங்கி, ஒரு வாரம் கழித்து ராத்திரியில் பிளக்கும். ஜி 1/4, பேரலல், இஞ்சுக்கு 19 மரை, டேப் போடும் முன் 11.8 துளை என்று முழுசாக எழுது. ஃபிட்டிங்கின் அடியில் உள்ள ரிங்தான் தண்ணீரைப் பிடிக்கும், மரை வெறும் பிடிமானம். மூடியின் கனம் 10 மி.மீ. இருக்கட்டும். அக்ரிலிக்கின் விறைப்பு 3 ஜிகாபாஸ்கல்தான், செம்பில் சுமார் நாற்பதில் ஒரு பங்கு. பம்பு தள்ளுவதைவிட, நசுங்கிய ஓ-ரிங் திருப்பித் தள்ளுவதுதான் மூடிக்குப் பெரிய சுமை. மெல்லிய மூடி ஸ்குரூவுக்கும் ஸ்குரூவுக்கும் நடுவில் தூக்கிக்கொள்ளும்.

வேலையின் வரிசையையும் டிராயிங்கில் எழுதிவிடு, இது அநேகம் பேர் செய்யாதது. உருட்டிய செம்புத் தட்டுக்குள் இறுக்கம் உறைந்து கிடக்கும். ஒரு பக்கம் வரிப்பள்ளம் வெட்டியதும் அது விடுபட்டுத் தட்டு வளையும். அடிப்பக்கத்தை முதலில் முடித்துவிட்டுப் பள்ளம் வெட்டினால் 0.02 எல்லாம் காற்றில் போயிற்று. பள்ளங்களையும் மேல்பக்கத்தையும் முடித்து, அடியில் 0.3 மி.மீ. விட்டுவைத்து, வைஸிலிருந்து கழற்றி ஒரு ராத்திரி சும்மா வைத்து, மறுநாள் லேசாகப் பிடித்து அடிப்பக்கத்தைக் கடைசியாக ஓட்டச் சொல்.

செம்புக்கு எங்கே போவாய் என்று யோசித்தேன். எலெக்ட்ரிக்கல் கடைகள் வரிசையாக இருக்கும் எஸ்ரா ஸ்ட்ரீட்டில் பஸ்பார் பட்டை கேள். 75க்கு 10 அளவில் ஒரு சாண் வாங்கினால் இரண்டு பிளாக்குக்கு ஆகும், ஒன்று கெட்டாலும் ஒன்று இருக்கும். பழைய இரும்புக் கடையில் செம்பு மாதிரித் தெரிகிற எதையும் வாங்காதே. கலப்பு கொஞ்சம் இருந்தாலும் சூடு கடத்துவது மளமளவென்று குறைந்துவிடும், பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. மிஷின் வேலைக்கு ஹவுராவுக்குப் போ. பெலிலியஸ் ரோடு பக்கம் தெருத் தெருவாக லேத்தும் மில்லிங்கும் ஓடும். ஃபவுண்ட்ரியும் பட்டறையுமாகத் தலைமுறை தலைமுறையாக வாழ்கிற ஊர் அது, நம் கணபதி, பீளமேடு மாதிரி. இப்போது செக்டர் ஃபைவில் மெட்ரோ ஏறினால் ஹூக்ளி ஆற்றுக்கு அடியிலேயே போய் ஹவுரா மைதானத்தில் இறங்கலாம். கம்பெனி சட்டையோடு போய் அவசரப்படுத்தாதே. நாலு இடத்தில் நின்று, அவர்கள் என்ன ஜாப் செய்கிறார்கள் என்று பார். சர்ஃபேஸ் பிளேட்டைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிற பட்டறையில் கொடு. டிராயிங்கை நீட்டும்போது, இந்த முகத்தில் பிராசஸர் உட்காரும், இந்தப் பள்ளத்தில் ரிங் உட்காரும் என்று ரிங்கையே கையில் எடுத்துக் காட்டு. அங்கே மிஷினில் நிற்கும் பெரியவர் பள்ளத்தை இப்படி மாற்றினால் நல்லது என்று சொன்னால் கேட்டுக்கொள். முப்பது வருஷமாகச் செம்பு வெட்டிய கைக்கு உன் மாமனுக்குத் தெரியாததும் தெரியும்.

சோதனையில் மட்டும் பயப்படு. பட்டறையில் கம்ப்ரசர் இருக்கும், ஒழுகலைப் பார்க்க அதை மாட்டிக் காற்றடிப்போம் என்பார்கள். கூடவே கூடாது. அதில் 8 பார் இருக்கும். உன் மூடியின் அந்த 40 மி.மீ. சதுரத்தின் மேல் அது 130 கிலோ எடைக்குச் சமம். அமுங்கிய காற்று திடீரென்று விரிந்தால் அக்ரிலிக் சில்லுகள் கண்ணுக்குத்தான் வரும். பம்பு ஊர்க்காரர்கள் எதற்காகத் தண்ணீரை நிரப்பி அழுத்துகிறோம் என்றால், தண்ணீர் அமுங்காது, விரிசல் விட்டால் ஒரு பீய்ச்சோடு அழுத்தம் செத்துவிடும். பிளாக்கில் காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீரை நிரப்பி, மீட்டர் உள்ள சின்னக் கைப்பம்பில் 0.6 பார் வரை ஏற்றி அரை மணி நேரம் வை. வேலை செய்யும் அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு, அது போதும். பிறகு கம்ப்யூட்டருக்கு வெளியே மேஜை மேல் முழு செட்டையும் மாட்டி, மற்ற எதற்கும் கரண்ட் கொடுக்காமல் பம்பை மட்டும் ஒரு நாள் முழுக்க ஓட்டு. அடியில் டிஷ்யூ பேப்பரை விரித்துவை, ஒரு துளி விழுந்தாலும் காட்டிக்கொடுக்கும்.

தண்ணீரில் ஐஸ் போட்டால், பெல்டியர் வைத்தால் இன்னும் குளிருமே என்று கடைசியில் கேட்டிருக்கிறாய். கொல்கத்தாவில் வேண்டவே வேண்டாம். மழைக்காலத்தில் அறை 32 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் பனிநிலை 28 டிகிரி. பிளாக் 28க்குக் கீழே இறங்கிய நிமிஷமே காற்றிலுள்ள ஈரம் அதன் மேல் வியர்த்து மதர்போர்டில் சொட்டும். உன் ஓ-ரிங் ஒரு சொட்டும் விடாமல் பிடித்திருந்தாலும் பலனில்லை. பனிநிலைக்குக் கீழே போக வேண்டுமானால் காற்றையே வெளியே நிறுத்த வேண்டும். ஏ.எஃப். பிளாக்கில் அதையும் செய்கிறார்கள். அவர்களுடைய மீக்கடத்திச் சைக்ளோட்ரானின் சுருள் நையோபியம்-டைட்டானியம் கம்பியால் ஆனது, திரவ ஹீலியத்தில் சுழியத்துக்குக் கீழே 269 டிகிரி அளவில் கிடக்கிறது, சுற்றிலும் வெற்றிடம். அந்தக் குளிரில் சாதாரண இரும்பு தட்டினால் உடையும் அளவுக்கு மொறுமொறுத்துவிடும். ஸ்டெயின்லெஸ், செம்பு, அலுமினியம் மூன்றும் தாக்குப் பிடிக்கும். அங்கே உலோகத்தைத் தேர்ந்தெடுக்கும் கணக்கே வேறு. அந்த சென்டருக்குள் போய்ப் பார்க்க எப்போதாவது வாய்ப்பு வந்தால் விடாதே. குழாய்களையும் ஃபிளேஞ்சுகளையும் உற்றுப் பார், எங்கே என்ன சீல் போட்டிருக்கிறார்கள் என்று கேள்.

டிராயிங்கைத் திருத்தி அனுப்பு. நான் பார்த்துச் சொன்ன பிறகு ஹவுராவுக்குப் போனால் போதும். ஓ-ரிங்கும் பேரலல் டேப்பும் அங்கே சரியானது கிடைக்காவிட்டால் சொல், இங்கிருந்து கூரியரில் போட்டுவிடுகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு. அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமையாவது போன் பண்ணு.

இப்படிக்கு,
உன் மாமா

பி.கு.: அக்ரிலிக் மூடியை ஸ்பிரிட், தின்னர், கண்ணாடி துடைக்கும் மருந்து எதனாலும் துடைக்காதே. ஸ்குரூ இறுக்கத்தில் இருக்கும் அக்ரிலிக்கில் ஆல்கஹால் பட்டால் மயிரிழை விரிசல்கள் கிளம்பும். சோப்புத் தண்ணீரும் மெத்தென்ற துணியும் போதும். ஸ்குரூவை எதிரெதிர் மூலையாக, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கு.